பச்சை அடிக்க மாட்டேன் என்ற ஜீப் ஷெட்

பெங்களூரு நெடுஞ்சாலையில் கொணவட்டம் தாண்டியதும் ஒரு மண் பாதை இறங்கும். அதன் கடைசியில் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே, பழைய ஜீப்புகளைப் புதுப்பிக்கும் தகரக் கூரை போட்ட ஷெட். பெயர்ப்பலகை கிடையாது, ரசீதுப் புத்தகம் கிடையாது, கூகுளில் தேடினால் பக்கத்து டயர் கடைதான் வரும். வாசலில் ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப் ஒன்றின் முன்பாதி மட்டும் நிற்கிறது. பின்பாதி எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. வேலூரில் பழைய ஜீப் வைத்திருப்பவர்களிடம் 'பாய் ஷெட்' என்றால் போதும், வழி சொல்லிவிடுவார்கள்.

2024 தை மாதம் என் ஜீப்பை அங்கே விட்டேன். நான்கு மாதம் ஆகும் என்றார் பாய். கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் முன்புதான் கையில் கிடைத்தது. அதன் பிறகு ஒரு முழுக் கோடையும் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வண்டி வந்த மறுநாளே எழுதும் மதிப்புரையும் கல்யாண மண்டபத்தில் வாசிக்கும் வாழ்த்து மடலும் ஒன்றுதான்.

நான் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் 34 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பது தொழில் கொடுத்த நோய். அப்படிப்பட்டவன் ஏன் பழைய இரும்பில் பணம் போட்டான் என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். சொந்த ஊர் கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை. 'ராணுவப்பேட்டை' என்று கேட்டால் இன்னும் சுலபமாக வழி காட்டுவார்கள். அப்பா ஈ.எம்.இ. பிரிவில் ஹவில்தார், ராணுவ வண்டிகளைப் பழுது பார்த்தவர். வேலூருக்குப் பட்டாளம் புதிதல்ல. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் திரும்பவில்லை என்று லாங் பஜார் மணிக்கூண்டில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காய்கறி வாங்கப் போகிறவர்கள் அண்ணாந்து மணி பார்ப்பார்கள், கல்லைப் பார்ப்பதில்லை. எனக்குக் கண் பார்வை சரியில்லை என்று பட்டாளத்தில் எடுக்கவில்லை. ஆகவே ஓய்வுக்காலத்தில் ஒரு பட்டாளத்து ஜீப்பாவது வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது.

என் மைத்துனர் ஓய்வுபெற்ற சுபேதார். "வாங்கினால் ஜோங்கா வாங்குங்கள் மாப்பிள்ளை, மற்றதெல்லாம் பொம்மை" என்று ஒரே பிடியாக நின்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நிசான் பேட்ரோலை மூலமாக வைத்து ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்த வண்டி அது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், 3,956 சி.சி. அந்தக் கொள்ளளவைக் கேட்டவுடன் என் ஓய்வூதியப் புத்தகம் தானாக மூடிக்கொண்டது. போதாதற்கு 2019இல் தோனி ஒரு ஜோங்காவை வாங்கி ராஞ்சியில் ஓட்டினாலும் ஓட்டினார், அன்றிலிருந்து ஜோங்கா வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன்னைத் தோனியின் பங்காளி என்று நினைத்து விலை சொல்கிறார்கள். ராணுவம் கழித்துக்கட்டும் வண்டிகளை எம்.எஸ்.டி.சி. என்ற அரசு நிறுவனத்தின் மின்னேலத்தில் எடுக்கலாம். ஆனால் 'இருக்கும் இடத்தில் இருக்கும்படியே' என்பதுதான் நிபந்தனை. உள்ளே கியர்பாக்ஸ் இல்லாவிட்டாலும் எடுத்தவர் பாடு, ஏலத் தொகைக்கு மேல் ஜி.எஸ்.டி. தனி. தணிக்கைக்காரன் கையெழுத்துப் போடுகிற வாசகமா அது?

அப்போதுதான் ஓர் இணைய விளம்பரம் கண்ணில் பட்டது. '1944 வில்லிஸ், போரில் ஓடியது, அசல்.' வில்லிஸ் என்றால் இரண்டாம் உலகப் போருக்குச் செய்த அமெரிக்க ஜீப், அதையே ஃபோர்டும் செய்தது. வட மாநில விற்பனையாளர். டாஷ்போர்டில் பித்தளைத் தகடு, அதில் 1944 என்று அச்சு. விலை ஏழரை லட்சம். மனம் தாங்காமல் 25,000 முன்பணம் அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் படங்களை எடுத்துக்கொண்டு பாயிடம் போனேன். 34 ஆண்டு தணிக்கை செய்தவன் வரிசையை மாற்றிச் செய்த ஒரே காரியம் இதுதான்.

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போனை வாங்கினார். "முன்பக்க ஓட்டைகளை எண்ணுங்கள் சார்" என்றார். ஏழு. "போர்க்கால வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் அழுத்தி எடுத்த கிரில்லில் ஒன்பது. ஏழு என்றால் போருக்குப் பிறகு சாதாரண ஜனங்களுக்குச் செய்த ஜாதி." அடுத்த படம். பின்பக்கம் இறக்கும் கதவு இருந்தது. பட்டாளத்து ஜீப்புக்கு அது கிடையாது, அங்கே உபரிச் சக்கரம்தான். மூன்றாவது படம். போர்க்கால ஜீப்பின் முகப்பு விளக்கைப் பின்பக்கம் கவிழ்த்தால் ராத்திரியில் இன்ஜினுக்கு வெளிச்சம் காட்டும். இதிலோ விளக்குக் கிண்ணம் அசையாமல் இறுகியிருந்தது. ஃபோர்டு செய்தவற்றில் போல்ட்டுத் தலையில்கூட 'எஃப்' என்று முத்திரை இருக்கும் என்பதையும், முன் குறுக்குச்சட்டம் வில்லிஸில் குழாயாகவும் ஃபோர்டில் கவிழ்த்த பள்ளமாகவும் இருக்கும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். "இது மஹிந்திராதான் சார். தகட்டை மட்டும் மாட்டியிருக்கிறான். மஹிந்திரா வேண்டுமென்றால் ராணிப்பேட்டையில் ஒன்று நிற்கிறது, மூன்றில் ஒரு பங்குகூட விலையில்லை."

25,000 போனது போனதுதான். இந்தச் சோதனைக்குப் பாய் வாங்கிய கட்டணம் ஒரு டீ. அதையும் அவர்தான் வரவழைத்தார்.

ராணிப்பேட்டை வண்டி ஒரு தோல் பதனிடும் கூடத்தின் பின்புறம் வேப்பமரத்தடியில் நின்றது. 1968 மாடல், மஹிந்திராவின் சி.ஜே.3பி வகை, வலப்பக்க ஸ்டீயரிங், பெட்ரோல். சிவப்பு நிறம், அதுவும் ஐஸ்கிரீம் வண்டிச் சிவப்பு. மற்ற ஜீப்புகளைவிட இதன் பானெட் உயரமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. போர்க்கால இன்ஜினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருந்தன, 60 குதிரைத்திறன். பிறகு வந்த, இந்த வண்டியிலும் இருக்கும் ஹரிக்கேன் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் புகும் வால்வைத் தலைக்கு மேல் ஏற்றி, புகை போகும் வால்வைக் கீழேயே விட்டார்கள். திறன் 72 ஆயிற்று, இன்ஜினும் வளர்ந்தது. இன்ஜின் வளர்ந்ததால் பானெட்டைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். அழகில்லை என்பார்கள் சிலர். என் கண்ணுக்கு அது தலைப்பாகை கட்டிய ஊர் நாட்டாமை போலத் தெரிகிறது. 2,10,000 கொடுத்து வாங்கினேன்.

மஹிந்திரா என்றதும் பாய்க்கு ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியாது. 1945இல் அந்தக் கம்பெனி தொடங்கியபோது பெயர் 'மஹிந்திரா அண்ட் முகமது'. பிரிவினையில் பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்த நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். 1948இல் கம்பெனி 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' ஆயிற்று. "எழுத்துப் பலகையை மாற்றுகிற செலவு மிச்சம் சார், எம் அண்ட் எம் அப்படியே இருந்துவிட்டது" என்று முடிப்பார். பதினோரு மாதத்தில் நான்கு முறை கேட்டேன்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். தோல் கூடத்தில் நின்ற வண்டி என்பதால் தரைத் தகட்டை முதலில் தட்டிப் பார்த்தார்கள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் கொண்டுவருவார்கள். அந்த உப்புத் தோலை இந்த ஜீப்பின் பின்னால் ஆண்டுக்கணக்காக ஏற்றியிருக்கிறார்கள். மேலே பார்த்தால் வழவழவென்று சிவப்பு. பாயின் மகன் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினான். இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி பெயர்ந்து விழுந்தது, அதற்கடியில் சிமெண்டுச் சாக்கு, அதற்கடியில் தரை. தரை என்றால் ஷெட்டின் மண் தரை. முந்தைய டிங்கர் யாரோ, அவர் சாக்கை வைத்தே ஜீப் கட்டியிருக்கிறார். பாய் பட்டியே பூசாமல் பழைய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகட்டில் அசல் வண்டியில் இருந்த மேடு பள்ளங்களைச் சுத்தியலால் அடித்து எடுத்துப் பற்றவைத்தார். இந்த ஒரு வேலைக்கே ஏழு வாரம். வாரம் ஒரு முறை போய் நின்று பார்த்தேன், பொழுது போனதே தெரியவில்லை.

வண்ணம்தான் பெரிய சண்டை. மைத்துனர் ஒரு டப்பா ஆலிவ் பச்சையும் ராணுவ அம்புக்குறி போட்ட நம்பர் தகட்டின் மாதிரியும் கையோடு கொண்டுவந்துவிட்டார். பாய் டப்பாவைத் திறக்கவே இல்லை. "ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை கூடாது சுபேதார் சார்." மைத்துனர் நம்பவில்லை. நான் வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், விதி 121. பாய் சொன்னது அப்படியே இருந்தது. ஊரில் ஓடும் பாதிப் பச்சை ஜீப்புகள் அந்த விதியின் மேல்தான் ஓடுகின்றன. "எல்லாரும் அடிக்கிறார்களே" என்றார் மைத்துனர். "அடிக்கிறவரிடம் கொண்டுபோங்கள்" என்றார் பாய். ஒரு வாரம் ஷெட்டில் வேலை நின்றது. எனக்கும் உள்ளுக்குள் வருத்தம்தான். அப்பாவின் நிறம் அல்லவா.

பிறகு ஒரு புதன்கிழமை பாயே போன் செய்தார். அவர் போன் செய்வது அதிசயம் என்பதால் உடனே போனேன். முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டுக்குப் பக்கவாட்டில் ஓர் உள்ளங்கை அகலம் சுரண்டியிருந்தார். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து, பழைய பிளேடால் அடுக்கு அடுக்காக. மேலே ஐஸ்கிரீம் சிவப்பு. அதன் கீழே ஒரு வெள்ளை. அதன் கீழே சாம்பல் கலந்த நீலம், தகட்டோடு ஒட்டி, கல் போல். அந்த நீலத்தின் மேல் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடும்பக் கட்டுப்பாடு! முக்கோணத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. பிளேடுக்குத் தப்பியது கடைசிச் சொல் மட்டும்: 'போதும்'.

போருக்குப் போன ஜீப் தேடி அலைந்தவனுக்குக் கிடைத்தது குடும்ப நல ஜீப். நான் எங்கள் வீட்டில் ஆறாவது பிள்ளை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். மைத்துனர் சிரித்த சிரிப்பில் புளியமரத்துக் காக்கைகள் எழுந்தன. "இந்த வண்டி உங்கள் ஊருக்குக் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறது மாப்பிள்ளை." இதையும் அழித்துவிட்டு ஒரே சீராக அடித்துவிடலாமா என்று கேட்டேன். பாய் பிளேடை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். "நான் அழிக்க மாட்டேன் சார். இது எந்த மலைக்கெல்லாம் போயிற்றோ. உங்களுக்கு வேண்டாமென்றால் டோ செய்து எடுத்துப்போங்கள், இதுவரை செய்த வேலைக்குக் கூலி வேண்டாம்." வண்டி முழுவதும் அந்தச் சாம்பல் நீலம் அடித்து, முக்கோணமும் 'போதும்' என்ற சொல்லும் இருந்த இடத்தை மட்டும் தொடாமல் மேலே தெளிந்த வார்னிஷ் பூசித் தந்தார். என் மனைவி முதன்முதலில் பார்த்தபோது இரண்டு நிமிடம் பேசவில்லை. பிறகு, "சரியாகத்தான் எழுதியிருக்கிறது. கொட்டின பணம் போதும்" என்றாள்.

இருக்கைக்கு ஆம்பூர் தோல் போடலாம், பாதி விலையில் வாங்கித் தருகிறேன் என்று ஒரு நண்பர் வந்தார். அதையும் பாய் தடுத்துவிட்டார், கித்தான்தான். கூரையும் கித்தான், தார்ப்பாய் தைக்கிறவரிடம் சொல்லித் தைத்தது. முதல் மழையில் தையல் வழியே ஒழுகியது, இரண்டாவது மழையில் நூல் ஊதி அடைத்துக்கொண்டது.

இன்ஜினில் ஒரு சிலிண்டரை நகரத்தில் ஒரு லேத்துக்காரர் அளவுக்கு மேல் குடைந்துவிட்டார். மறுபடி ஸ்லீவ் இறக்கி, குடைந்து, ஐந்து வாரம் போயிற்று. செலவு பாயுடையது. கேட்காமலே கழித்துவிட்டார். கியர்பாக்ஸ் மூன்று கியர், ஓட்டத்தில் கியர் உரசாமல் விழவைக்கும் சின்க்ரோ முதல் கியருக்குக் கிடையாது, ஆகவே வண்டி நின்றால்தான் முதல் கியர். இதைப் பாய் ஒரு காகிதத்தில் எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டித் தந்தார். நான் அதைக் கிழித்த மறுநாளே கியர் அலறியது.

சோதனை கத்திரி வெயிலில் நடந்தது. வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, கோட்டை அகழியே மூச்சு வாங்கும். ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தை ஏறும் மலைப்பாதையில், மதியம் பன்னிரண்டரைக்கு, மூன்றாவது வளைவில் ஜீப் இருமியது, முனகியது, நின்றது. எனக்குக் கை நடுங்கியது. பாய்க்குப் போன் போட்டேன், வழக்கம்போல் எடுக்கவில்லை. பிறகுதான் அவர் வண்டி கொடுத்த அன்று சொன்னது நினைவுக்கு வந்தது. இந்த இன்ஜினில் பெட்ரோல் குழாய் புகைப்போக்கிச் சூட்டுக்குப் பக்கத்தில் போகிறது, சூடு ஏறினால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். இதற்காகவே அவர் குழாயைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய், நடுவில் தகரத் தடுப்பு வைத்து, கார்புரேட்டருக்கு அடியிலும் ஒரு கனமான அட்டை கொடுத்திருந்தார். "அதையும் மீறி நின்றால் துண்டை நனைத்து பெட்ரோல் பம்பின் மேல் போடுங்கள். பத்து நிமிடம். செல்ஃபைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள், பேட்டரி போய்விடும்." துண்டை நனைத்துப் போட்டேன். துணியிலிருந்து ஆவி எழும்பியது. ஒரு கேழ்வரகு மூட்டைக்காரர் வந்து நின்று, நீல நிறத்தையும் முக்கோணத்தையும் பார்த்துவிட்டு, "இன்னமும் ஊசி போடுகிறார்களா?" என்று கேட்டார். பன்னிரண்டாவது நிமிடம் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஏற்றத்துக்கான லோ ரேஞ்சில் போட்டேன். வேகம் 2.46 மடங்கு குறையும், இழுவை அவ்வளவு கூடும். ஆட்டுக்குட்டி நடப்பதுபோல் ஏறியது, மறுபடி நிற்கவில்லை. அந்தக் கோடை முழுவதும் நின்றது அந்த ஒரு முறைதான்.

இனிக் குறைகள். போன் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை மதியம் ஷெட் பூட்டியிருக்கும், அதைப் போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தேதி சொன்னால் அதை மாதமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரேக் அழுத்தினால் இடப்பக்கம் இழுத்தது, இரண்டு முறை திருப்பிக் கொண்டுபோன பிறகுதான் சரியாயிற்று. முகப்பு விளக்கு அகல் விளக்குக்குத் தங்கை. வயரிங்கில் பிளாஸ்டிக் கிளிப் மாட்டியிருக்கிறார். முக்கோணத்தை அழிக்க மனம் வராதவருக்கு இது எப்படி மனம் வந்தது என்று தெரியவில்லை. எத்தனால் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய பம்பின் ரப்பர் சவ்வு தாங்காது என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். ஆடி மாதம் பம்ப் ஒழுகியபோதுதான் மாற்றினார். அந்தச் செலவு என்னுடையது. லிட்டருக்கு ஏழரை கிலோமீட்டர், நானே மூன்று தடவை அளந்தது.

பில் விஷயம். பாய் கணக்கை ஒரு பழைய டயரியில் உருதுவில் எழுதுகிறார். என் வாழ்நாளில் நான் படிக்க முடியாத ஒரே கணக்குப் புத்தகம் அது. மகன் வாசிக்க வாசிக்க நான் தனியே எழுதிக் கூட்டினேன். மொத்தம் 3,86,450. 'கிராஸ்' என்ற இணைப்புப் பாகம் ஒன்றை இரண்டு இடத்தில் எழுதியிருந்தது என் கணக்கில் பிடிபட்டது, 1,150 ரூபாய். சொன்னேன். பாய் கோபிக்கவில்லை. கழித்துவிட்டு, என் பக்கம் அவர் எழுத மறந்த ஒரு சைலன்சர் கிளாம்பைச் சேர்த்தார், 180 ரூபாய். இருவரும் சமம் என்பதுபோல் ஒரு பார்வை.

காகித வேலையை அவர் தொடமாட்டார், அதை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி 'வி.ஏ.' எழுத்துள்ள விண்டேஜ் பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டக்கூடாது. நான் வாரம் இரண்டு முறை கம்மவான்பேட்டைக்குப் போகிறவன். ஆகவே பழைய நம்பரிலேயே எப்.சி. காட்டி, 5,000 ரூபாய் கட்டி ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தேன். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அது 10,000 என்று மத்திய அரசு அறிவித்துவிட்டது. போகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைத்துனர் இன்னும் ஜோங்கா தேடுகிறார். போன வாரம் என்னோடு ஷெட்டுக்கு வந்து வாசலில் நிற்கும் அந்த முன்பாதியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாய் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நான் போனது வேறு வேலையாக. வண்டியோடு வந்த பழைய திருகு ஜாக்கி பதினோரு மாதமும் அவர் பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தது. அதைச் சுத்தம் செய்து தருகிறேன் என்று வைத்துக்கொண்டவர் இன்னும் தரவில்லை. ஒப்படைப்புப் பட்டியலில் 14ஆவது இனம். கேட்டேன். "அடுத்த வாரம் சார்" என்றார்.